விலை கூட்டப் பயமா? – ஒரு கார்ப்பெற் துப்பரவுத் தொழிலின் கணக்கு



வருமானவரி, ஓய்வூதியச் சேமிப்பு, வீட்டுக்கடன் என்று மாதாமாதம் உங்களோடு எதையாவது கதைத்து வருகிறேன். இந்த மாதம் விலையைப் பற்றி. கடையில் நாங்கள் கொடுக்கும் விலை அல்ல. எங்கள் உழைப்புக்கு நாங்களே வைக்கும் விலை. வானொலியில் இதைப் பேசியபோது நேரம் போதவில்லை. எண்களைக் காதால் கேட்டால் பிடிபடாது, தாளில் தாருங்கள் என்று சில நேயர்கள் கேட்டிருந்தார்கள். ஆகவே பேனையும் ஒரு துண்டுத் தாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் சொல்லப் போவது சிட்னியின் மேற்குப் பக்கத்தில் கார்ப்பெற் துப்பரவு செய்யும் ஒரு தம்பியின் கதை. அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். எண்களைக் கணக்குப் பார்க்க வசதியாகச் சற்று உருட்டியிருக்கிறேன். பெயர் வேண்டாம். அவருடைய இடத்தில் எங்களில் பலர் இருக்கிறோம். வீடு துப்பரவு, புல்லு வெட்டு, பெயின்ற் அடிப்பு, சமையல் ஓடர், தையல் என்று எதைச் செய்தாலும் கணக்கு ஒன்றுதான்.

2025 ஜூலை மாதம் ஒரு மாலை அந்தத் தம்பி வீட்டுக்கு வந்தார். வரிப் பத்திரங்களோடு வருவார் என்று நினைத்தேன். வெறுங்கையோடு வந்தார்.

“அண்ணை, மெசின் போட்டுது. திருத்தேலாது எண்டு சொல்லிப் போட்டாங்கள். சீட்டை இந்த மாதம் எடுப்பம் எண்டு யோசிக்கிறன். கழிவு கூடத்தான் போகும், என்ன செய்யிறது?”

சீட்டைப் பெரிய கழிவில் எடுப்பது வட்டிக்குக் கடன் எடுப்பது போலத்தான் என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். இடையில் மறித்து ஒன்று கேட்டார்.

“எட்டு வருசமா கிழமையிலை ஐஞ்சு ஆறு நாள் ஓடித் திரியிறன். ஒரு சூதாட்டம் இல்லை, குடி இல்லை. ஒரு மெசின் வாங்கக் காசில்லை எண்டால் அந்தக் காசு எங்கை அண்ணை போனது?”

எட்டு வருடமும் அவருடைய வரிப் படிவத்தை நிரப்பியவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவு அவருடைய கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். கிடைத்த பதில் இதுதான்.

கணக்கின் முதல் பக்கம்

இந்தத் தொழிலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ‘ஸ்ரீம் கிளீனிங்’ என்று சொன்னாலும் அது ஆவி அல்ல. சவர்க்கார மருந்து கலந்த சுடுதண்ணீரைக் கார்ப்பெற்றுக்குள் அழுத்தத்தோடு பாய்ச்சி, ஊத்தையோடு சேர்த்து உடனே உறிஞ்சி எடுப்பதுதான் வேலை. ஒரு வான், ஒரு மெசின், நீளக் குழாய்கள், நல்ல முதுகு. இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம். அதனால்தான் எங்களில் பலர் அந்தத் தொழிலுக்குப் போனார்கள்.

தம்பி 2017 இல் தொடங்கியபோது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேரின் விலையை விசாரித்து, அதிலும் சற்றுக் குறைத்து, சராசரி வீட்டுக்கு 100 டொலர் என்று வைத்தார். 2025 இலும் அதே 100 டொலர். கிழமைக்கு 18 வீடு. விடுமுறை, மழைவெள்ளம், காய்ச்சல் எல்லாம் கழித்து வருடத்துக்கு 46 கிழமை. 828 வேலை, 82,800 டொலர். கேட்க நல்ல தொகைதான். தம்பியும் அதைத்தான் தன்னுடைய வருமானம் என்று மனதில் வைத்திருந்தார்.

முதலில் ஜி.எஸ்.ரி. 2000 ஜூலை 1 இல் இந்த நாட்டில் வந்த 10 வீத வரி. வருடப் புரள்வு 75,000 டொலரை எட்டும் தொழில் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். தம்பி மூன்றாம் வருடத்தில் அந்த எல்லையைத் தாண்டினார். நானே பதிந்து கொடுத்தேன். ஆனால் விலையை மாற்றவில்லை. அதே 100 டொலருக்குள் வரியும் அடங்கிப் போனது. வரியோடு சேர்ந்த 100 டொலரில் பதினொன்றில் ஒரு பங்கு, அதாவது 9 டொலர் 9 சதம், அரசாங்கத்துடையது. பதிந்த அன்றே அவருடைய விலை 90 டொலர் 91 சதமாகக் குறைந்துவிட்டது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், உண்மையில் குறைத்திருந்தார். வருடத்துக்கு 7,527 டொலர். மிச்சம் 75,273.

அடுத்தது செலவு. ஜி.எஸ்.ரி நீக்கிய வருடத் தொகைகள் இவை:

டீசல் – 5,200
சுங்க வீதிக் கட்டணம் – 2,400
வான் பதிவு, கிறீன் ஸ்லிப், காப்புறுதி, சேர்விஸ் – 4,600
அடுத்த வானுக்கான ஒதுக்கு – 4,000
அடுத்த மெசினுக்கான ஒதுக்கு – 1,600
மெசின் திருத்த வேலை – 1,200
மருந்து வகை, வேலைக்கு 4 டொலர் வீதம் – 3,312
பொதுப் பொறுப்புக் காப்புறுதி – 900
தொலைபேசி, விளம்பரம் – 3,600
கணக்காளர், வங்கிக் கட்டணம் – 1,500

மொத்தம் 28,312 டொலர். 75,273 இலிருந்து இதைக் கழித்தால் 46,961. இதுதான் தம்பியின் உண்மையான வருமானம். அதுவும் வருமானவரிக்கு முன்.

பட்டியலில் சுங்கத்தைக் கவனியுங்கள். 2010 இல் எம்4 வீதியில் சுங்கத்தை எடுத்துவிட்டார்கள். வீதியை அகலமாக்கிய பிறகு 2017 ஓகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். தம்பி தொழில் தொடங்கிய வருடம் அது. அவருடைய விலையைப் பார்த்துக் கேட்ட அந்த மூன்று பேரும் சுங்கம் இல்லாத காலத்தில் வைத்த விலை அது.

காசு போன இடம்

பட்டியலில் இரண்டு வரிகளுக்கு ‘ஒதுக்கு’ என்று போட்டிருக்கிறேன். தம்பியின் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

வான் ஒன்று 36,000 டொலர். எட்டு வருடம் ஓடிய பிறகு 4,000 டொலருக்குப் போகும். ஆக எட்டு வருடத்தில் 32,000 டொலர் தேய்கிறது. வருடத்துக்கு 4,000. மெசின் 9,600 டொலர், ஆறு வருடம் தாங்கும் என்றால் வருடத்துக்கு 1,600. இரண்டும் சேர்த்து 5,600. இந்தக் காசை யாரும் வந்து கேட்பதில்லை. பில் வராது. மாத முடிவில் வங்கியில் கிடக்கும். கிடக்கும் காசு செலவழியும். வீட்டு வாடகை, பிள்ளையின் ரியூசன், ஊரில் மாமிக்கு மருந்து. ஒன்றும் வீண் செலவு இல்லை. ஆனால் தம்பி வீட்டுக்காகச் செலவழித்தது வருமானத்தை அல்ல, தன்னுடைய வானையும் மெசினையும்தான். எட்டு வருடத்தில் 44,800 டொலர்.

இந்த இடத்தில் என்னுடைய பிழையையும் சொல்ல வேண்டும். மெசின் வாங்கிய வருடமே அதன் முழு விலையையும் செலவாகக் காட்டினேன். வானுக்கு வருடாவருடம் தேய்மானம் கழித்தேன். வரி குறைந்தது, தம்பிக்கும் சந்தோசம், எனக்கும் நல்ல கணக்காளர் என்ற பெயர். ஆனால் தேய்மானம் என்பது வரிப் படிவத்தில் நிரப்பும் ஒரு பெட்டி மட்டும் அல்ல. அந்தத் தொகையை எடுத்து வேறாக வை என்பதுதான் அதன் பொருள். அதை ஒரு நாளாவது அவருக்கு நான் சொல்லவில்லை. ஜி.எஸ்.ரிக்குப் பதிந்த அன்று “தம்பி, விலையை என்ன செய்யப் போறீர்?” என்று கேட்கவும் இல்லை. கேட்காத கேள்விக்கு நான் கட்டணம் வாங்கியிருக்கிறேன்.

மணித்தியாலக் கணக்கு

“ஒரு வீடு ஒன்றேகால் மணித்தியாலத்திலை முடிஞ்சிடும் அண்ணை” என்றார் தம்பி. ஒரு கிழமைக்கு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதச் சொன்னேன். வேலை ஒன்றேகால் மணித்தியாலம். குழாய் இழுத்து விரித்து, பிறகு சுருட்டி ஏற்ற அரை மணித்தியாலம். ஓட்டம் 40 நிமிடம். இரவில் தொலைபேசி, மெசின் கழுவல் எல்லாவற்றையும் வேலைகளுக்குப் பங்கிட்டால் இன்னும் 20 நிமிடம். ஆக இரண்டே முக்கால் மணித்தியாலம். 18 வேலைக்கு 49½. பில் எழுத, கணக்கு வைக்க இன்னும் 2½. கிழமைக்கு 52, வருடத்துக்கு 2,392 மணித்தியாலம்.

46,961 ஐ 2,392 ஆல் பிரியுங்கள். 19 டொலர் 63 சதம்.

இந்த நாட்டின் தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஜூலை 1 அன்று மணித்தியாலத்துக்கு 24.95 டொலராக உயர்ந்தது. அதற்கு மேல் முதலாளி 12 வீதம் ஓய்வூதியச் சேமிப்புக் கட்ட வேண்டும். சம்பளத்தோடு விடுமுறையும் உண்டு. சொந்தமாகத் தொழில் செய்யும் தம்பிக்கு இவை ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் யாரோ ஒருவருக்குக் கீழே நிற்கக் கூடாது என்று வெளியே வந்தவர், சட்டப்படி எந்த முதலாளியும் கொடுக்க முடியாத சம்பளத்துக்குத் தன்னையே வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

இன்னொரு எண். 2017 ஜூலையில் அதே ஆகக்குறைந்த சம்பளம் 18.29 டொலர். எட்டு வருடத்தில் 36 வீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. தம்பியின் விலையும் அதோடு நடந்து வந்திருந்தால் 136 டொலராக இருந்திருக்கும்.

ஏன் கூட்டவில்லை?

கேட்டேன். “நல்லாயிராது அண்ணை. இவ்வளவு காலம் கூப்பிட்ட சனம். கொள்ளையடிக்கிறான் எண்டு நினைக்குங்கள்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு என்னுடைய அப்பாவின் ஞாபகம் வந்தது. சாவகச்சேரிப் பக்கம் அவருக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது மண்ணெண்ணெய், சவர்க்காரம், நெருப்புப் பெட்டி எல்லாம் நாளுக்கொரு விலை. பதுக்கி வைத்து விற்றவர்களும் இருந்தார்கள். சனம் அவர்களைத் திட்டியது, நியாயம்தான். அந்தப் பெயர் தனக்கு வரக்கூடாது என்று அப்பா தான் வாங்கிய பழைய விலையிலேயே சவர்க்காரத்தை விற்றார். ஊரில் நல்ல பெயர். விற்ற காசைக் கொண்டு மறுபடி வாங்கப் போனபோது அந்தக் காசுக்குப் பாதிப் பெட்டிதான் வந்தது. அடுத்த முறை அதிலும் பாதி. கடைசியில் தட்டு வெறுமையாகிக் கடை மூடப்பட்டது. அதன் பிறகு சனத்துக்குப் பதுக்கல்காரனை விட்டால் வேறு வழி இல்லாமல் போனது.

நான் யாழ் பல்கலைக்கழகத்தில் வணிகமாணி படித்தபோது ‘மாற்றீட்டுச் செலவு’ என்று ஒரு பாடம் வந்தது. விற்ற பொருளின் இடத்தில் திரும்ப ஒன்றை வைக்க எவ்வளவு தேவை என்பதுதான் அது. எனக்கு அது பாடமாகத் தெரியவில்லை, எங்கள் கடையாகத் தெரிந்தது.

போர்க்காலத்தில் விலை கூட்டியவனை வெறுக்கப் பழகியவர்கள் நாங்கள். அந்த வெறுப்பு இங்கே வந்தும் எங்களை விடவில்லை. ஆனால் தட்டுப்பாட்டில் மற்றவரின் கழுத்தைப் பிடிப்பது வேறு. நாளைக்கும் கடை திறக்க என்ன தேவையோ அதைக் கேட்பது வேறு. கார்ப்பெற் துப்பரவு செய்விக்காவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. விலை பிடிக்காவிட்டால் வேறு பத்துப் பேர் இருக்கிறார்கள். இதில் கொள்ளை எங்கே வந்தது?

விலையைக் கீழிருந்து கட்டுவது

பக்கத்து வானில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து விலை வைப்பது மேலிருந்து கட்டுவது. கீழிருந்து கட்ட வேண்டும். முதலில் உங்கள் சம்பளம். ஆகக்குறைந்த சம்பளத்தில் நிரந்தரமற்ற வேலை, கசுவல், செய்பவருக்கே 2025 ஜூலையில் 25 வீதம் கூட்டி 31 டொலர் 19 சதம் வந்தது. தம்பிக்கு 32 என்று வைத்தோம். 2,392 மணித்தியாலத்துக்கு 76,544. ஓய்வூதியத்துக்கு 12 வீதம், 9,185. செலவு 28,312. கூட்டினால் 114,041. அதற்கு மேல் ஜி.எஸ்.ரி 10 வீதம் சேர்த்து 125,445. 828 வேலையால் பிரித்தால் ஒரு வேலைக்கு 151 டொலர் 50 சதம்.

தம்பி தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். “ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்” என்றார்.

சரி, ஒரேயடியாக வேண்டாம்; முதலில் 125 வைப்போம் என்றேன். அதற்கும் தயங்கினார். அப்போது போட்ட கணக்குத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமானது.

வாடிக்கையாளர் போய்விட்டால்?

செலவில் இரண்டு வகை. வேலைக்குப் போனால் மட்டும் வரும் செலவு ஒன்று: டீசல், சுங்கம், மருந்து. தம்பிக்கு அது ஒரு வேலைக்கு ஏறத்தாழ 13 டொலர் 18 சதம். மற்றது வான் வீட்டில் நின்றாலும் வரும் செலவு: பதிவு, காப்புறுதி, தொலைபேசி. அது வருடத்துக்கு 17,400.

100 டொலர் விலையில் ஜி.எஸ்.ரி போக 90.91, அதில் 13.18 போனால் 77.73 கையில் நிற்கும். 125 டொலர் விலையில் ஜி.எஸ்.ரி போக 113.64, அதில் 13.18 போனால் 100.46.

இப்போது பாருங்கள். கிழமைக்கு 18 வேலை, ஒன்றுக்கு 77.73 என்றால் 1,399 டொலர். 14 வேலை, ஒன்றுக்கு 100.46 என்றால் 1,406 டொலர். நாலு வேலை குறைந்தும் காசு குறையவில்லை. 18 இல் நாலு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் தம்பி இருந்த இடத்திலேயே இருப்பார். ஆனால் கிழமைக்கு 11 மணித்தியாலம் மிச்சம். முதுகுக்கும் ஓய்வு, வானுக்கும் ஓய்வு.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். “பத்து டொலர் குறையுங்கோ” என்று யாராவது கேட்டால் பத்துத்தானே என்று விடுகிறோம். எல்லாருக்கும் அப்படி விட்டால் கையில் நிற்பது 77.73 இலிருந்து 68.64 ஆகும். பழைய காசைப் பிடிக்க 18 வேலை போதாது. 20 இற்கு மேல் ஓட வேண்டும். விலையைப் பத்து வீதம் குறைத்தால் வேலையைப் பத்து வீதம் கூட்டினால் போதும் என்று நினைப்பது பிழை. பதின்மூன்று வீதம் கூட்ட வேண்டும்.

பக்கத்து வானின் விலை

“அறைக்கு 20 டொலர்” என்று விளம்பரம் போடுபவர்களோடு எப்படிப் போட்டி போடுவது என்று கேட்பீர்கள். அந்த விலைக்கு யாரும் பிழைக்க முடியாது என்பதை மேலே பார்த்தோம். அவர்களில் சிலர் வீட்டுக்குள் வந்த பிறகு கறைக்கு வேறாக, மணத்துக்கு வேறாக, பாதுகாப்பு மருந்துக்கு வேறாக என்று கூட்டிக்கொண்டு போவார்கள். கடைசிப் பில்லை ஒப்பிடுங்கள், முதல் விளம்பரத்தை அல்ல. சொன்ன விலைக்குச் செய்யும் எண்ணமே இல்லாமல் ஆளை இழுக்க விளம்பரம் போடுவதை அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் தடை செய்கிறது. பொதுமக்களுக்குக் காட்டும் விலை ஜி.எஸ்.ரி உட்பட்ட முழு விலையாக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். “125, அதோடு ஜி.எஸ்.ரி” என்று விளம்பரம் போடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. “நாங்கள் நாலைந்து தமிழ் ஆக்கள்தானே இந்தத் தொழிலில், எல்லாரும் கூடிக் கதைத்து ஒரே விலை வைப்போம்” என்று ஒரு நேயர் யோசனை சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் போட்டியாளர்கள் தமக்குள் விலை பேசி வைப்பது 2010 ஆம் ஆண்டின் போட்டி மற்றும் நுகர்வோர் சட்டத்தின்படி குற்றம். குற்றவியல் வழக்காகவும் போகலாம். கோயில் வீதியில் நின்று கதைத்தாலும் சட்டம் ஒன்றுதான். செலவுக் கணக்கு எப்படிப் போடுவது என்று ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுக்கலாம். நீ எவ்வளவு, நான் எவ்வளவு என்று விலை முடிவு செய்யக் கூடாது.

எப்படிச் சொல்வது?

கூட்டுவதைவிடச் சொல்வதுதான் எங்களுக்குக் கஷ்டம். தம்பியோடு இருந்து நாங்கள் செய்தது இதுதான்.

ஒன்று, நாலு கிழமைக்கு முன்னரே அறிவித்தோம். ஏற்கெனவே விலை சொல்லி ஒத்துக்கொண்ட வேலைகளைப் பழைய விலைக்கே செய்தார். ஒத்துக்கொண்ட விலை ஒப்பந்தம். வாசலில் வைத்து மாற்ற முடியாது.

இரண்டு, செய்தி குறுகியது. தம்பி முதலில் எழுதியதில் டீசல் விலை, மெசின் பழுது, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் இருந்தது. கடைசியில் மன்னிப்பும் கேட்டிருந்தார். எல்லாவற்றையும் வெட்டினோம். மிஞ்சியது இவ்வளவுதான்: “செப்ரெம்பர் 1 முதல் மூன்று அறை வீட்டுக்கான கட்டணம் ஜி.எஸ்.ரி உட்பட 125 டொலர். 2017 க்குப் பின் இதுவே முதல் மாற்றம். தொடர்ந்து எங்களை அழைப்பதற்கு நன்றி.” காரணம் நீண்டால் பேரம் பேச இடம் கொடுத்ததாகிவிடும்.

மூன்று, குறைத்துக் கேட்பவருக்கு விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைப்பது. “100 டொலர்தான் இருக்கு” என்றால், “சரி, ஒரு அறையை விட்டுவிட்டு மற்றதைச் செய்து தாறன்.” அவரும் முகம் கோணவில்லை, உங்கள் விலையும் நின்றது.

நாலு, எல்லா வீட்டுக்கும் ஒரே விலை வேண்டாம். மூன்றாம் மாடிக்குக் குழாய் இழுப்பதும், வாசலில் வான் நிறுத்தி வேலை செய்வதும் ஒன்றல்ல. படிக்கட்டு, வளர்ப்புப் பிராணி, தூரம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே விலை எழுதி வையுங்கள். ஒரு அறைக்காக 40 நிமிடம் ஓடாதபடி ஆகக்குறைந்த கட்டணம் ஒன்றும் வேண்டும்.

எங்கட ஆக்களுக்கு?

இது பெரிய கேள்வி. கோயில் மண்டபம், தமிழ்ப் பள்ளிக்கூடம், தனியே இருக்கும் வயது போன அம்மா. இவர்களிடம் எப்படிக் கேட்பது? கேட்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், கேளுங்கள் என்றும் சொல்லமாட்டேன். மாதத்துக்கு எத்தனை வேலையைக் குறைத்தோ இலவசமாகவோ செய்யலாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தம்பிக்கு இரண்டு. பில்லில் முழு விலையை எழுதி, கீழே கழிவை எழுதச் சொன்னேன். கொடுத்தது என்ன என்று வாங்கியவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, யாருக்கும் தெரியாமல் கொடுத்த 44,800 டொலரைப் போல் அல்ல.

பிறகு என்ன நடந்தது?

மெசினுக்குச் சீட்டு எடுக்கவில்லை. 36 மாதத் தவணைக் கடன் எடுத்தார். செப்ரெம்பரில் புதிய விலை தொடங்கியது. வீடு மாறுபவர்களின் வேலையை ஆகக் குறைந்த விலைக்குக் கொடுத்து வந்த ஒரு வீட்டுத் தரகர் உடனே போய்விட்டார். தம்பி இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை. எனக்கும் பயம்தான், வெளியில் காட்டவில்லை. எங்கட ஆக்களில் ஒரு குடும்பம் “நீரும் கூட்டிப் போட்டீர்” என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. அது அவருக்கு நொந்தது. மற்றவர்களில் பெரும்பாலானோர் “ஓகே” என்று ஒரு சொல்லில் பதில் போட்டார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு பார்த்தால் கிழமைக்கு 18 வேலை 16 ஆகியிருந்தது.

16 வேலை, 46 கிழமை, ஒன்றுக்கு 100.46. அதில் நிலையான செலவு 17,400 போக 56,539 டொலர். கிழமைக்கு 46½ மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 26 டொலர் 43 சதம். இன்னும் 32 ஐத் தொடவில்லை. 2026 ஜூலைக்கு அடுத்த படி என்று அன்றே தாளில் எழுதி வைத்தோம். எட்டு வருடத்துக்கு ஒரு முறை பெரிதாகக் கூட்டுவதைவிட, வருடம் ஒரு முறை நிதியாண்டுத் தொடக்கத்தில் சிறிதாகக் கூட்டுவது வாடிக்கையாளருக்கும் இலகு.

வங்கியில் புதிதாக ஒரு கணக்குத் திறந்திருக்கிறார். ஒவ்வொரு 125 டொலரும் வந்தவுடன் 11 டொலர் 36 சதம் ஜி.எஸ்.ரிக்கும், 8 டொலர் அடுத்த வானுக்கும் மெசினுக்கும் என்று அதற்குள் போகிறது. அந்தக் கணக்குக்கு அட்டை வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டார். மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இப்போது அவரே கூட்டிக்கொண்டு போகிறார்.

ஒரு நாள் என்னைக் கேட்டார்: “அண்ணை, நீங்கள் எனக்கு எடுக்கிற காசு எப்ப கூட்டினது?” யோசித்துப் பார்த்தேன். அவர் தொடங்கிய வருடம் வைத்தது. நானும் நாலு கிழமை அவகாசத்தோடு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். “ஓகே அண்ணை” என்று பதில் வந்தது.

நேயர்களே, இந்த மாதம் ஒரு மாலை குந்தியிருந்து மூன்று எண்களை எழுதுங்கள். ஒரு வேலைக்கு உண்மையில் போகும் மணித்தியாலம். வருடம் முடிய எல்லாச் செலவும், அடுத்த மெசினுக்கான ஒதுக்கும் கழித்துக் கையில் நிற்கும் காசு. கடைசியாக, நீங்கள் விலையை மாற்றிய வருடம். முதல் இரண்டையும் பிரித்து வருவதை ஆகக்குறைந்த சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். மூன்றாவது எண் பழையதாக இருந்தால், உங்கள் கணக்காளர் கேட்கும்வரை பார்த்திருக்காதீர்கள். நான் எட்டு வருடம் கேட்கவில்லை.

இது பொதுவான விளக்கம். உங்கள் தொழிலுக்கென்று முடிவெடுக்க முன்னர் உங்கள் கணக்காளரோடு ஒரு முறை கதையுங்கள். கேள்விகள் இருந்தால் வழமைபோல நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.